அமெரிக்க அலங்கார ரத்து முத்திரைகள்

அமெரிக்க அஞ்சலகங்களில் பாட்டில் தக்கையையோ மரக்கட்டையையோ கையால் செதுக்கி, மையில் தோய்த்து, அஞ்சல்தலையின் மேல் அடித்த உருவ முத்திரைகளை அலங்கார ரத்து முத்திரைகள் என்பர். சேகரிப்பாளர்கள் இவற்றை ஃபேன்சி கேன்சல் என்று அழைக்கிறார்கள். அஞ்சல்தலையை மறுபடி பயன்படுத்த முடியாமல் செய்வதுதான் முத்திரையின் வேலை. அதற்கு ஒரு கறுப்புத் தீற்றலே போதும். இருந்தும் நட்சத்திரம், கேடயம், இதயம், மண்டையோடு, மனித முகம், பறவை என்று நூற்றுக்கணக்கான உருவங்கள் 1860களிலும் 1870களிலும் பிறந்தன.

அமெரிக்காவின் முதல் பொது அஞ்சல்தலைகள் 1847 ஜூலை 1 அன்று வெளிவந்தன. 5 சென்ட் தலையில் பெஞ்சமின் பிராங்க்ளினும் 10 சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டனும் இருந்தார்கள். அவற்றைப் பேனாக் கோட்டாலும், கம்பிவலை போன்ற முத்திரையாலும், பல ஊர்களில் தேதி முத்திரையாலுமே ரத்து செய்தார்கள். தேதி முத்திரை அஞ்சல்தலையின் படத்தின் மேல் விழுந்தபோது ஊரும் நாளும் தெரியாமல் போயின. அதனால் தேதி முத்திரையை ரத்து செய்யப் பயன்படுத்தக் கூடாது என்று 1860இல் அஞ்சல் துறை உத்தரவிட்டது. தேதி உறையில் விழ வேண்டும்; தலைக்குத் தனிக் கருவி வேண்டும். பெரிய அலுவலகங்களுக்கு அரசே கருவி கொடுத்தது. சிற்றூர் போஸ்ட்மாஸ்டர் தன் கருவிக்குத் தானே வழி பார்க்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது தக்கையும் பேனாக்கத்தியும். இந்தக் கலையை வளர்த்தது அந்த விதியும் இந்தத் தட்டுப்பாடும்தான்.

பயன்படுத்திய தலையை மை போகக் கழுவி மறுபடி ஒட்டும் மோசடி துறையை விடாமல் கவலைப்படுத்தியது. சார்லஸ் ஸ்டீல் காப்புரிமை பெற்ற ஒரு முறையைத் துறை 1867இல் கையாளத் தொடங்கியது. நுண்ணிய கூம்புப் புள்ளிகளை அஞ்சல்தலையில் அழுத்திக் காகித நாரை உடைத்துவிட்டால் மை உள்ளே இறங்கிவிடும்; கழுவினாலும் போகாது. கிரில் எனப்படும் இந்த அழுத்தத் தடம் 1869 வரிசைத் தலைகளிலும் உண்டு.

தக்கை மிருதுவானது, எளிதாகச் செதுக்கலாம், சீக்கிரம் தேயும். சில நாட்களில் கோடுகள் மழுங்கும், இடுக்குகளில் மை அடைத்துக்கொள்ளும், ஓரம் உதிரும். பிறகு புதுத் தக்கை, புது உருவம். ஒரு வடிவத்தின் ஆயுள் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் மட்டுமே என்பதால்தான் பல முத்திரைகள் இன்று அரிதாகிவிட்டன. எழுத்தைச் செதுக்குபவர் அதை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் வெட்ட வேண்டும். அதை மறந்தவர்களின் திரும்பிய எழுத்துகளும் உறைகளில் கிடைக்கின்றன.

இந்தக் கலைக்கு மிகப் பெயர்பெற்ற ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி. அங்கு அஞ்சலகத்தில் பணியாற்றிய ஜான் ஹில் 1860களின் நடுவிலிருந்து ஓயாமல் செதுக்கினார். யானை, தேனீ, அம்பு பாய்ந்த இதயம் எல்லாம் அவர் கைவண்ணம். 1869ஆம் ஆண்டு நன்றி தெரிவிக்கும் திருநாளை ஒட்டி அவர் செதுக்கிய ஓடும் கோழி, இத்துறையின் மிகப் புகழ்பெற்ற முத்திரை. வான்கோழியைத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும் என்போரும் உண்டு. ரயில் எஞ்சின் படமுள்ள 3 சென்ட் தலைகள் மூன்றில் இந்தக் கோழி ஓடும் உறை, அமெரிக்க அஞ்சல் வரலாற்றின் பெரும் செல்வங்களுள் ஒன்று. ஹில்லின் முத்திரைகளுக்கென்றே பால் ரோலஃப் தனி நூல் எழுதினார்.

நியூயார்க்கில் 1870களில் வெளிநாட்டு அஞ்சலுக்கு மட்டும் அடித்த முத்திரைகள் வேறு வகை: சக்கரம்போலும் பூப்போலும் அமைந்த நுட்பமான வடிவங்கள். வாஷிங்டன் பிரதேசத்தின் போர்ட் டவுன்செண்டில் 1880களில் வந்த உதைக்கும் கோவேறு கழுதையும் பலர் தேடுவது. ஃப்ரீமேசன் சங்கத்தின் கவராயமும் மூலைமட்டமும் பல ஊர்களில் கிடைக்கின்றன. 1876 முதல் லீவிட் இயந்திரம் போன்றவை முத்திரையடிக்கத் தொடங்கின. ரப்பர், உலோக முத்திரைகளும் பரவின. பெரிய ஊர்களில் தக்கையின் தேவை குறைந்துகொண்டே வந்தது.

சேகரிப்பில் முதலில் பார்ப்பது அடிப்பின் தெளிவு. உருவம் முழுதாகத் தலையின் நடுவில் விழுந்திருந்தால் மதிப்பு கூடும். 1861ஆம் ஆண்டின் ரோஜா நிற 3 சென்ட் தலை போன்ற வெளிர் தலைகளில் கறுப்பு நன்றாக எடுக்கும். நீல மை ஓரளவு கிடைக்கும், பச்சை அரிது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலானது உறை. முத்திரையின் ஒரு பகுதி தலையிலும் மறுபகுதி உறையிலும் விழுந்து, அருகே ஊர்ப்பெயரும் தேதியும் இருந்தால் அது சான்று. பழைய தலைமுறையினர் ஆல்பத்துக்காகத் தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தபோது அந்தச் சான்று அழிந்தது. எந்த ஊர்க்காரர் கை என்று இனி சொல்ல முடியாத நல்ல அடிப்புகள் ஏராளம். பழைய உறையை இன்றும் வெட்டுவது பெரும் இழப்பு.

விலை ஏறியதும் போலிகளும் பெருகின. பேனாக் கோட்டை ரசாயனத்தால் நீக்கி, அதன் மேல் புது உருவத்தை அடிப்பது வழக்கமான தந்திரம். புற ஊதா ஒளியில் பழைய மையின் தடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். 1845 முதல் 1869 வரையிலான முத்திரைகளுக்கு ஸ்கின்னர், ஈனோ இருவரும் தொகுத்த நூல் அடிப்படை. விலையுயர்ந்தவற்றை நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளின் சான்றிதழோடு வாங்குவதே நடைமுறை. ஐயத்துக்குரிய அடிப்பை, அதே தக்கையின் தேதி தெரிந்த அடிப்புகளோடு ஒப்பிடுவது சிறந்த சோதனை: முதல் வாரத்தில் உதிர்ந்த ஓரம் மூன்றாம் வாரத்து உறையில் முழுதாக இருந்தால், அது அந்தத் தக்கையின் அடிப்பு அல்ல.