கெண்டைக்காலும் மஞ்சள் தைலமும்

பத்து வருஷம் கழிச்சு ஞாயித்துக்கிழமை கும்மிடிப்பூண்டியில ஷட்டில் ஆடினேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியலை. செவ்வாய்க்கிழமை ரயில் படி ஏற முடியலைங்க, கெண்டைக்கால் ரெண்டும் கல்லு! ராத்திரி அம்மா அமிர்தாஞ்சன் தேய்ச்சுவிட்டாங்க.

1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆரம்பிச்சது. சங்கீத சபாக்கள்ல இலவசமா கொடுத்தே ஊரெல்லாம் பரப்பினாராம். தைலம் வித்த காசுல 1908-ல் 'ஆந்திர பத்ரிகா' வாரப் பத்திரிகை தொடங்கினார். 1914-ல் அது சென்னையில் தினசரியாச்சு. சுதந்திரப் போராட்டத்துக்கும் அந்தக் காசு உதவிச்சு. மயிலாப்பூர்ல காலையில வாக்கிங் போறீங்களே, அந்த நாகேஸ்வர ராவ் பூங்கா இவர் பேர்தான் :)

ஆனா மென்தால் தசையை ஆத்துறதில்லை. தோல்ல இருக்கிற குளிர் உணரும் நரம்பை ஏமாத்துது, அவ்வளவே. வலி மூணு நாலு நாள்ல தானா போயிடும். இதை அம்மாகிட்ட சொல்லலை. இன்னிக்கும் தேய்ச்சுவிடுறேன்னாங்க, காலை நீட்டிட்டேன்.