தேக்காவும் சிராங்கூனும்: பெயரில் எஞ்சிய உயிர்கள்

தேக்கா என நாம் நாள்தோறும் வழங்கும் பெயர் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. சிறு மூங்கில்களின் அடி என்பது அதன் பொருள். சிராங்கூன் என்னும் பெயரை 'ரங்கோங்' என்னும் சதுப்புநிலப் பறவையோடு தொடர்புபடுத்துவோர் உளர். இன்று லிட்டில் இந்தியாவில் அம்மூங்கிற் புதர்களும் இல்லை, அப்பறவையும் இல்லை. பெயர்கள் எஞ்சின. பெயர்கூட எஞ்சாமல் மறைந்த உயிரினங்கள் எத்தனை?

1819க்குப் பின் கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. தீவின் தொல்காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்தது. அறிவியலார் முறையாகப் பதிவு செய்யத் தொடங்குமுன்பே அழிந்தவற்றை எவ்வாறு கணக்கிடுவது? 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மலாயாத் தீபகற்பத்து இனங்களை அளவுகோலாகக் கொண்டு, மொத்த இழப்பு 73 விழுக்காடுவரை இருக்கலாம் என்றது. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைப் பற்றிய ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு, ஏறத்தாழ 37 விழுக்காடு எனக் கணித்தது. காணாதவற்றை மதிப்பிடும் முறை மாறியதால் விடையும் மாறியது.

எஞ்சியவற்றின் நிலையை அறியவும் முறை உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் செம்பட்டியலைப் பேணி வருகிறது. எண்ணிக்கை குறையும் வேகம், வாழிடப் பரப்பு, இனப்பெருக்கத்துக்குரிய முதிர்ந்த உயிர்களின் தொகை ஆகியவை அதன் அளவுகோல்கள். மொழியியலாருக்கு இது புதிதன்று: பேசுவோர் தொகையை மட்டுமன்றி, குழந்தைகள் பேசுகின்றனரா என்பதையும் நாம் கேட்கிறோம். சிங்கப்பூருக்கெனத் தனிச் செந்நூலை இயற்கைச் சங்கம் 1994இலும் 2008இலும் வெளியிட்டது. அண்டை நாட்டில் மலிந்த இனம் இங்கே அருகியிருக்கலாம் என்பதால் தனிநூல் வேண்டியதாயிற்று.

இருவகை இழப்பையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு மறைந்த இருவாச்சி, 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டது. அண்டை நிலத்தில் அவ்வினம் வாழ்ந்தமையே காரணம். 1986இல் அறிவியற்பெயர் பெற்ற சிங்கப்பூர் நன்னீர் நண்டுக்கு அத்தகைய புகலிடம் இல்லை. அஃது இத்தீவில் மட்டுமே வாழ்கிறது. இங்கு அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகும்.

இரண்டு நூற்றாண்டு இழப்பை இன்று கணக்கிட முடிவதற்குக் காரணம், யாரோ ஒருவர் பெயரையும் இடத்தையும் நாளையும் எழுதிவைத்தமையே. ஆசிரியர்களும் மாணவர்களும் தாம் காணும் பறவையையும் செடியையும் அவ்வாறே குறித்துவைப்பார்களாக. அவற்றின் தமிழ்ப் பெயரையும் உடன் எழுதுவோமாயின், உயிரோடு மொழிக்கும் ஒரு சான்று நிற்கும்.