அவிச்ச தண்ணியும் பிழிஞ்ச சாறும்

2015ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி, சீனாவைச் சேர்ந்த து யூயூ என்ற 84 வயது ஆய்வாளருக்குக் கிடைத்தது. மலேரியாவைக் குணமாக்கும் ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்ததற்காக. செய்தி வந்த கையோடு ஆக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். "பாத்தீங்களா, முன்னோர் எல்லாம் அறிஞ்சு வைச்சிருந்தவை" என்றது ஒரு கட்சி. "மூலிகைக்கு இல்லை, ஆய்வுகூடத்துக்குத்தான் பரிசு" என்றது மற்றது. எங்களுடைய கருத்து, இரண்டு கட்சியுமே அரைக் கதையைத்தான் வாசித்திருக்கின்றன என்பது. மிச்சக் கதையைச் சொல்ல இரண்டு செடிகள் வேண்டும். ஒன்று உயிர் காத்தது. மற்றது சத்தமில்லாமல் ஆட்களைக் கொன்றது. இரண்டுமே சீன மருந்துக் கடைப் பெட்டிகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை.

முதல் கதை வியட்நாம் போரில் தொடங்குகிறது. காட்டுக்குள் நடந்த வட வியட்நாம் படைகளை மலேரியா விழுத்திக்கொண்டிருந்தது. அதுவரை கைகொடுத்த குளோரோகுயினுக்கு அந்தப் பகுதியின் பல்சிபாரம் கிருமி மசியவில்லை. ஹனோய் பீஜிங்கிடம் உதவி கேட்டது. 1967 மே 23இல் நடந்த கூட்டத்தில் ஒரு இரகசிய இராணுவத் திட்டம் பிறந்தது. அந்தத் திகதியே அதற்குப் பெயருமானது: திட்டம் 523. எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க இராணுவமும் இதே வேலையில்தான் இருந்தது. அவர்கள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்களைச் சோதித்து, கடைசியில் மெப்லோகுயினைக் கொண்டுவந்தார்கள்.

சீனாவில் அது கலாசாரப் புரட்சிக் காலம். படித்தவர்கள் என்றாலே சந்தேகம். பல்கலைக்கழகங்கள் முடங்கிக் கிடந்தன, விஞ்ஞானிகள் வயல் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். து யூயூவின் கணவரும் அப்படி அனுப்பப்பட்டவர்தான். 1969 ஜனவரியில் பீஜிங்கிலிருந்த பாரம்பரிய மருத்துவ நிறுவனத்தில் இந்தப் பொறுப்பு அவரிடம் வந்தபோது வயது 38. அவரிடம் கலாநிதிப் பட்டம் கிடையாது, வெளிநாட்டில் படித்ததும் கிடையாது. நான்கு வயது மூத்த மகளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டார், சின்னவளைத் தாய்வீட்டில் விட்டார், ஹைனான் தீவுக்கு மலேரியா நோயாளரைப் பார்க்கப் போனார். இந்தப் பகுதியைத் "தியாகம்" என்று மினுக்கிச் சொல்கிற எழுத்துகள் நிறைய உண்டு. எங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு மறுத்துச் சொல்ல இடமிருந்த காலமாக அது தெரியவில்லை.

அவருடைய குழு பழைய நூல்களையும் பரியாரிமாரையும் தேடி 2000 அளவிலான குறிப்புகளைத் திரட்டி, அதில் 640ஐ ஒரு கையேடாக்கியது. பிறகு 200 அளவிலான மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்ஹாவ் என்ற செடி ஒருதடவை 68 வீதம் கிருமியைக் கட்டுப்படுத்தியது. திரும்பச் செய்தால் 40, இன்னொரு தடவை 12. இப்படி ஆடுகிற ஒரு செடியைப் பட்டியலிலிருந்து தூக்கி எறிந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் திரும்பவும் நூலுக்குப் போனார். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிய அவசர வைத்தியக் கைந்நூலில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கச் சொல்கிறது. அவ்வளவுதான். அதில் அவிக்கச் சொல்லி இல்லை.

இது எவ்வளவு விசித்திரம் என்பது எங்கட வீடுகளை நினைத்தால் விளங்கும். தடிமன் என்றால் கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கிறது. பரியாரியார் சரக்குக் கட்டித் தந்தால், இத்தனை சுண்டு தண்ணி விட்டு இத்தனையாக வற்றக் காய்ச்சு என்றுதான் சொல்லுவார். சீன வைத்தியத்திலும் அதேதான். மூலிகைக் கலவையைக் குறிக்கும் 'தாங்' என்ற சொல்லுக்கே குடிநீர், ரசம் என்றுதான் பொருள். எல்லாத்தையும் அவிக்கிற ஒரு மரபுக்குள், ஒரு குறிப்பு மட்டும் அவிக்காமல் பிழியச் சொல்கிறது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று து யூயூவுக்குச் சந்தேகம் வந்தது.

எத்தனோல் 78 பாகையில் கொதிக்கும், ஈதர் 35 பாகைக்குள்ளேயே. அவர் ஈதருக்கு மாறினார். இன்னொரு விசயமும் இதில் ஒளிந்திருந்தது: ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஈதரில் நன்றாகக் கரையும். எடுத்த சாற்றிலிருந்து அமிலப் பகுதியைக் கழுவி நீக்கினார், நஞ்சு அதிலிருந்தது. மிஞ்சிய பகுதி 191ஆம் இலக்க மாதிரி. 1971 ஒக்டோபர் 4ஆம் திகதி அது எலிகளில் 100 வீதம் வேலை செய்தது. பிறகு குரங்குகளிலும் அப்படியே.

மருந்துத் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்ததால், வீட்டில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய சாடிகளில் ஈதரை ஊற்றி இலையை ஊறவைத்தார்கள். காற்றோட்டம் போதாத அறைகள். ஆட்களுக்கு வருத்தம் வந்தது, து யூயூவின் ஈரலும் பாதிக்கப்பட்டது. விலங்குச் சோதனையில் நஞ்சு பற்றி ஐயம் எழுந்தபோது மலேரியாப் பருவம் கடந்துவிடப் போகிறது என்று, 1972 ஜூலையில் அவரும் இரண்டு சகாக்களும் ஆஸ்பத்திரியில் படுத்துத் தாங்களே அந்தச் சாற்றைக் குடித்துப் பார்த்தார்கள். அதன்பின் ஹைனானில் 21 நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது, காய்ச்சல் இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருசம் அதைக் குளிசையாக அடித்துக் கொண்டுபோனால் சரிவரவில்லை. கடைசியில் பிழை மருந்தில் இல்லை, குளிசை வயிற்றுக்குள் உடையாத கட்டியாக இருந்திருக்கிறது. தூளைக் கூட்டுக்குள் அடைத்துக் கொடுத்ததும் சரியாயிற்று.

பெயர்க் குழப்பம் வேறு. நூல்கள் 'சிங்ஹாவ்' என்று சொல்கிற செடியும் இந்த மருந்தைத் தருகிற செடியும் எப்போதும் ஒன்றல்ல. மருந்து இருப்பது ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற இனத்தில், அதுவும் பூக்க முந்தின இலையில். பீஜிங் பக்கத்துச் செடியில் குறைவு, சிச்சுவான் பக்கத்தில் கூட. 1596இல் அச்சான லி ஷிஜென்னின் பெரும் மூலிகை நூலிலேயே 'சிங்ஹாவ்', 'ஹுவாங்ஹுவாஹாவ்' என்று இரண்டு பதிவுகள் இருக்கின்றன. எங்களுக்குத் தேவையான செடி இரண்டாவது பெயருக்குக் கீழேதான் வருகிறது! ஒரு பழைய நூலில் பெயர் இருப்பதும் அந்தச் செடி கையில் இருப்பதும் வேறு வேறு என்பதை இந்த இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது கதைக்கு வேணும்.

மூலக்கூறின் அமைப்பைக் கண்டது ஷங்ஹாய், பீஜிங் வேதியியல் குழுக்கள். 15 கார்பன், 22 ஐதரசன், 5 ஒட்சிசன். நைதரசன் ஒன்றுகூட இல்லை, அதுவரை தெரிந்த மலேரியா மருந்துகளிலிருந்து அதுவே பெரிய வேறுபாடு. இரண்டு ஒட்சிசன் அணுக்கள் கைகோத்த ஒரு பெரொட்சைட்டுப் பாலம் அதற்குள் உண்டு. கிருமி எங்கள் குருதியின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்பு வெளிப்படுகிறது. அந்த இரும்பு பாலத்தை உடைக்க, உடைந்த துண்டுகள் கிருமியின் புரதங்களைப் பொசுக்கிவிடுகின்றன. இப்படி ஒரு பாலம் இருக்கலாம் என்ற துப்பு, யிங்ஜாவ் என்ற கொடியில் கிடைத்த இன்னொரு மலேரியா எதிர்ப்புச் சேர்மத்திலிருந்து வந்தது. அந்தக் கொடி வேறொன்றுமில்லை, எங்கட ஆக்கள் வாசத்துக்காக வளவில் வளர்க்கிற மனோரஞ்சிதம்தான்.

யார் கண்டுபிடித்தது என்ற சண்டை சீனாவில் பல வருசம் நடந்தது. யுன்னானிலும் ஷண்டோங்கிலும் வேறு குழுக்கள் இதே மருந்தைப் பிரித்தெடுத்திருந்தன, லி குவோசியாவ் போன்ற வைத்தியர்கள் கடும் மலேரியாவில் அதைச் சோதித்தார்கள். 1977இல் வெளியான முதல் கட்டுரையில் தனிப் பெயர் எதுவும் இல்லை, கூட்டுக் குழு என்றுதான் இருந்தது. நாட்டைவிட்டு வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது யாருடைய உழைப்பு என்றே நெடுங்காலம் தெரியவில்லை.

சரி, மரபு எதை அறிந்திருந்தது? கே ஹோங்கின் குறிப்பு, காய்ச்சலுக்கான பல குறிப்புகளில் ஒன்று. 1600 வருசம் அது அங்கேயே கிடந்தது. சாங்ஷான் என்ற இன்னொரு செடியும் மலேரியாவைப் பிடிக்கும். ஆனால் அதிலுள்ள பெப்ரிபியூஜின் சத்தியெடுக்க வைத்துவிடும், அதையும் பழையவர்கள் எழுதி வைத்தார்கள். அப்படியென்றால் அனுபவம் சும்மா இல்லை. குடித்த அன்றோ மறுநாளோ நடப்பதை, நல்லதோ கெட்டதோ, அது பிடித்துவிடுகிறது. பத்து வருசம் கழித்து நடப்பதை?

1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில், 50 வயதுக்குட்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் காரணம் விளங்காமல் பழுதாகின. விசாரித்தால், எல்லாரும் ஒரே மெலிவு நிலையத்துக்குப் போனவர்கள். 1990இல் அங்கே கொடுக்கும் குளிசையில் சீன மூலிகைகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று 'பாங்ஜி'. 'ஹான் பாங்ஜி' என்ற செடி வரவேண்டிய இடத்தில் 'குவாங் பாங்ஜி' வந்திருந்தது. பெயரில் அரைவாசி ஒன்று, செடிக் குடும்பம் வேறு. வந்தது அரிஸ்டொலோக்கியா இனம், அதற்குள் அரிஸ்டொலோக்கிக் அமிலம். 100க்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது. முன்னெச்சரிக்கையாக உறுப்பை அகற்றிய 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

இது ஒரு கடைக்காரர் பொதி மாற்றிய கதை மட்டும் என்றால் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அரிஸ்டொலோக்கியா இனங்கள் பல நூற்றாண்டுகளாக வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை. சீனாவில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கிரேக்கப் பெயரின் பொருளே நல்ல பிரசவம் என்பது, ஐரோப்பாவில் பிள்ளைப்பேற்றுக்குக் கொடுத்தார்கள். எங்கட பக்கத்தில் பாம்புக்கடிக்குப் பேர்போன பெருமருந்துக் கொடி, சிங்களத்தில் சப்சந்த, அதே இனம். ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம். தன்யூப் ஆற்றுப் பக்கக் கிராமங்களில் தலைமுறையாக வந்த சிறுநீரக நோய்க்கும், கோதுமையோடு சேர்ந்து அரைபட்ட இதன் விதைதான் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது.

இத்தனை நாட்டு வைத்தியர்களும் மடையர்களா? இல்லை. குடித்தவருக்கு அன்று சுகம்தான். பத்து, இருபது வருசம் கழித்து அவர் சிறுநீரகம் பழுதாகிப் போகும்போது, அந்தக் குடிநீரை யார் நினைப்பார்? அதைத் தந்த வைத்தியரே அப்போது உயிரோடு இருந்திருக்க மாட்டார். எண்ணிக்கை, பதிவேடு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்து குடிக்காத இன்னொரு கூட்டம், இவை இல்லாமல் இந்தத் தொடர்பு கண்ணில் படாது. "ஆயிரம் வருசமாகக் குடிக்கினம், ஒண்டும் செய்யேல்லை" என்ற வாதம் ஓட்டையாவது இந்த இடத்தில்தான்.

தாய்வானில் பதிவேடு இருந்தது. 1997 முதல் 2003 வரை அங்கே மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கு இந்த அமிலமுள்ள மூலிகைகள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. 2003இல் தடை வந்தது. ஆனால் இந்த அமிலம் மரபணுவில் ஒரு தனி அடையாளத்தை விட்டுவிட்டுப் போகிறது: குறிப்பிட்ட இடங்களில் A என்ற எழுத்து T ஆக மாறிவிடும். புற்றுக் கட்டியை வாசித்தால், ஆளிடம் கேட்காமலே தெரிந்துவிடும். 2017இல் தாய்வானில் 98 பேரின் ஈரல் புற்றுக் கட்டிகளை அப்படி வாசித்துப் பார்த்தார்கள். 78 வீதமானவற்றில் அந்த அடையாளம் இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் எப்போது, எந்த வருத்தத்துக்கு, என்ன குடித்தோம் என்று ஞாபகம் இருந்திருக்குமோ.