டாஷ்போர்டு

டாஷ்போர்டு (பெயர்ச்சொல்): 1. காரில் ஓட்டுநருக்கு முன்னால் அளவுமானிகள் உள்ள பலகை. 2. விற்பனை, வரவு முதலிய கணக்குகளை வரைபடங்களாக ஒரே திரையில் காட்டும் முகப்பு.

ஆங்கிலத்தில் 'டாஷ்' என்பதற்கு வாரியடித்தல், தெறித்தல் என்றும் பொருள். குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாதிருக்க, 19ஆம் நூற்றாண்டில் வண்டியின் முன்புறம் பொருத்திய தடுப்புப் பலகையே டாஷ்போர்டு. கார் வந்தபின் அவ்விடத்தில் வேகமானியும் எரிபொருள்மானியும் அமர்ந்தன, பெயர் மாறவில்லை. பிறகு கணினிக்கும் தாவியது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரி அருகே இயங்கும் ஜோஹோ நிறுவனம் இத்தகைய திரைகளுக்கான மென்பொருளை உருவாக்குகிறது. எந்த விற்பனை வாய்ப்பு பேச்சளவில் நிற்கிறது, எது கைகூடும் நிலையில் உள்ளது என்பதை டாஷ்போர்டு கட்டம் கட்டமாகக் காட்டும். மாறாக, ஒவ்வொரு வாய்ப்பையும் வரிசையாக விவரிப்பது அறிக்கை.