காலைப் பசியாறை: கெடா வீட்டு அடுப்படியில் எளிதாகச் செய்யக்கூடியவை

ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் வேலைக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலருக்குக் காலை இப்படித்தான் விடிகிறது. கடைச் சாப்பாடு ருசியில் குறைந்ததல்ல. ஆனால் அது தினசரிப் பழக்கமாகிவிட்டால் எண்ணெயையும் சீனியையும் கணக்குப் பார்க்க வழியில்லாமல் போகிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். காலை உணவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நம் கையால் மாற்றக்கூடிய முதல் வேளை அதுதான்.

"காலையில் யாருக்கு நேரம் இருக்கிறது?" என்ற கேள்வி நியாயமானது. பள்ளி வேன் இருட்டிலேயே வந்துவிடுகிறது, தொழிற்சாலை பஸ் அதற்கும் முன்னால். அதனால் அரை மணி நேரத்துக்குள் அடுப்பை விட்டு இறங்கக்கூடியவை, அல்லது பெரும்பகுதி வேலையை முதல் நாள் இரவே முடித்துவிடக்கூடியவை மட்டுமே இங்கே இடம்பெறுகின்றன.

தோட்டத்தில் எப்படிப் பசியாறினார்கள்

பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்குக் காலை இரண்டு பகுதியாக இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது வயிற்றில் இருப்பது பெரும்பாலும் வரக்கோப்பி மட்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறாத நேரத்தில்தான். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டமும் குறைந்துவிடும். அதனால் முதலில் வெட்டு, பிறகுதான் சாப்பாடு. நிரை முழுவதும் வெட்டி முடித்து, பால் எடுக்கப் போவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில், மர நிழலில் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். தோசையோ, ரொட்டியோ, முதல் நாள் சோறோ, கூடவே சம்பல் இருக்கும்.

இதைச் சொல்வது பழம்பெருமைக்காக அல்ல. அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் பல மணி நேர நடையும் பின்னால் பால் வாளி சுமப்பதும் இருந்தன. இன்று அதே அளவு தோசையைச் சாப்பிட்டுவிட்டு நாம் பஸ்ஸில் உட்காருகிறோம். தட்டில் மாவுச்சத்தைக் குறைத்து முட்டை, பருப்பு, காய்கறியைக் கூட்ட வேண்டிய காரணம் இவ்வளவுதான். சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" முறையும் இதையே சொல்கிறது: தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும்.

மீகூன் தாளிப்பு

உப்புமா என்றால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள்கூட மீகூன் என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். செய்முறை உப்புமாவுடையதுதான், ரவைக்குப் பதில் மீகூன். மூன்று பேருக்கு 200 கிராம் போதும். இரவே காய்களை நறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் மீகூனைச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். இருபது நிமிடத்தில் இளகிவிடும். சுடுநீரில் போட்டால் மூன்று நான்கு நிமிடம் போதும், ஆனால் மறந்துவிட்டால் குழைந்துபோகும். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பெரிய வெங்காயம் ஒன்றை வதக்குங்கள். முட்டைக்கோஸ், கேரட், ஒரு கைப்பிடி தாவ்கே சேருங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, கால் கப் தண்ணீர் தெளித்து, வடித்த மீகூனைக் கொட்டிப் பிரட்டுங்கள். சட்டியின் ஓரத்தில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிச் சேர்த்தால் சத்தும் கூடும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கிச்சாப் ஊற்றாமலே ருசியாக இருக்கும். ஆறினாலும் கெட்டியாகாது என்பதால் பள்ளிக்குக் கொடுத்தனுப்பவும் ஏற்றது.

மரவள்ளிக்கிழங்கு

கெடா நாட்டின் நெற்களஞ்சியம். 1970 வாக்கில் முடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. அப்படிப்பட்ட மாநிலத்திலும் ஜப்பான்காரன் காலத்தில், 1941 டிசம்பர் முதல் 1945 வரை, தோட்டத்து மக்கள் அரிசியைத் தேடி அலைந்து மரவள்ளியில் உயிர் பிழைத்தார்கள். அதனால்தான் அந்தத் தலைமுறையில் சிலர் பிற்காலத்தில் மரவள்ளியைக் கண்டாலே வேண்டாம் என்பார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளோ சந்தையில் தேடி வாங்குகிறார்கள்.

எளிய வழி அவித்துச் சாப்பிடுவது. தோலை அடித்தோலோடு சேர்த்துத் தடிப்பாக உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியில் இயற்கையாகவே நச்சுத்தன்மை உண்டு. உரிப்பதும் வேகவைப்பதும்தான் அதைப் போக்குகின்றன. பச்சையாகத் தின்னக்கூடாது. கசப்பாக இருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

புட்டாகச் செய்ய, உரித்த கிழங்கைத் துருவி, துணியில் கட்டிச் சாறு போகப் பிழிந்து, உப்பும் துருவிய தேங்காயும் கலந்து, இட்லிச் சட்டியில் இருபது நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். துருவிப் பிழியும் வேலையை இரவே செய்து ஐஸ் பெட்டியில் மூடி வைக்கலாம். வழக்கமாக இதோடு சீனி அல்லது குலா மெலாக்கா சேர்ப்போம். இனிப்பு நீர் இருக்கும் வீட்டில் அதைவிட்டு நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும் வையுங்கள். கிழங்கும் மாவுச்சத்துதான் என்பதால் ஒரு கைப்பிடி அளவோடு நிறுத்துவது நல்லது.

பிள்ளைகளை அடுப்படிக்கு அழைக்கும் ரொட்டி ஜாலா

வார விடுமுறையில் செய்ய இதைவிட வேடிக்கையான பலகாரம் கிடையாது. மலாய்க்காரர் வீட்டுத் திருமணங்களிலும் நோன்புக் காலச் சந்தையிலும் பார்த்திருப்பீர்கள், வலைபோல மெல்லிய ரொட்டி. ஒரு கப் கோதுமை மாவு (ஆட்டா மாவு அல்ல, வெள்ளை மாவு), ஒரு முட்டை, ஒன்றேகால் கப் தண்ணீர் கலந்த தேங்காய்ப்பால், சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. இவற்றை அடித்துக் கலக்கி, கட்டி இல்லாமல் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும், பிறகு பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள்.

இதற்கென்றே ஐந்து மூக்கு வைத்த குவளை பாத்திரக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீர் போத்தல் மூடியில் சூடான ஊசியால் நான்கைந்து துளை போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில், மிதமான சூட்டில், வட்டம் வட்டமாகச் சுற்றி ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றுவது பிள்ளையின் வேலை, எடுப்பது பெரியவர் வேலை. திருப்பிப் போட வேண்டியதில்லை. ஒரு நிமிடத்தில் மேல்புறம் காய்ந்ததும் மடித்து எடுத்துவிடலாம். முதல் இரண்டு கோணல்மாணலாகத்தான் வரும். முதல் நாள் மிச்சமான கோழிக்கறிக் குழம்போ, பருப்புக் குழம்போ தொட்டுக்கொள்ளப் போதும்.

மற்ற நாள்களுக்கு

தோசை, இட்லி பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: நம் ஊர் வெக்கையில் மாவு ஆறு முதல் எட்டு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். இரவு பத்து மணிக்கு வைத்த மாவைக் காலையில் எழுந்ததும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், புளிப்பு ஏறாது. மாவு இல்லாத நாளில் ஒரு கப் ஆட்டா மாவு, இரண்டு கரண்டி அரிசி மாவு, மோர் கலந்த தண்ணீர், நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். பத்து நிமிடத்தில் கரைத்த தோசை தயார். முருங்கைக்கீரை ஒரு பிடி உருவிப் போட்டால் இன்னும் நல்லது. லயத்து வீட்டுப் பின்புறம் நின்ற முருங்கை மரம் அடுக்குமாடிக்கு நம்மோடு வரவில்லை என்பது வேறு கதை. சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

பச்சைப்பயற்றை இரவு ஊறவைத்தால் காலையில் குக்கரில் மூன்று விசில் போதும். புபோர் காச்சாங் போல இனிப்பாகச் செய்யாமல் இஞ்சி, சீரகம், சின்ன வெங்காயம், உப்பு போட்டுக் கஞ்சியாக்கிப் பாருங்கள். நீண்ட நேரம் பசி தாங்கும், வயதானவர்களுக்கும் மெல்லச் சிரமமில்லை.

மிச்சச் சோற்றை எறிய வேண்டாம். ஆனால் அதை இரவு முழுவதும் மேசையில் திறந்து வைத்துவிட்டுக் காலையில் வறுப்பது ஆபத்து. வெந்த சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வறுப்பதற்கென்றால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்து, காலையில் நெத்திலி, கங்கோங் கீரை, முட்டை போட்டு ஆவி பறக்க வறுத்துச் சாப்பிடுங்கள்.

குவளையில் ஒளிந்திருக்கும் சீனி

தட்டை மாற்றிவிட்டுக் குவளையை அப்படியே வைத்திருந்தால் பயன் குறைவு. டின் பாலில் ஏறக்குறைய பாதிக்கு மேல் சீனிதான். ஒரு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம், ஊற்றினால் 11 கிராம் சீனி, அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. கடைத் தேநீரில் ஒரு கரண்டியோடு நிற்பதும் இல்லை. சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையும் மாலையும் இரண்டு குவளை குடித்தாலே அந்த அளவு முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு அரைக்கரண்டி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். வரக்கோப்பிக்கும் இது பொருந்தும். அதில் பால் இல்லை என்றாலும் பல வீடுகளில் சீனி தாராளமாகவே விழுகிறது.

இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பசியாறையைத் தள்ளிப்போடுவதோ அளவைச் சட்டென்று குறைப்பதோ கூடாது. சீனி அளவு திடீரென்று இறங்கிவிடலாம். கிளினிக்கில் அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மேலே சொன்னவற்றில் பாதிக்கு ஒரே தொடுகறி போதும், சம்பல். ஞாயிற்றுக்கிழமை ஒரு போத்தல் செய்து வைத்துக்கொள்ளலாம். காய்ந்த மிளகாய் பதினைந்தை ஊறவைத்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல்லோடு அரைத்து, எண்ணெயில் பச்சை வாடை போக வதக்கி, புளிக்கரைசலும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்ததும் பொரித்த நெத்திலியைப் போட்டு இறக்குங்கள். நெத்திலிக்கு தஞ்சோங் டாவாய் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வைத்தால் வாங்கி வருவார்கள். வாங்கியதை இரண்டு முறை கழுவி உப்பைப் போக்கிவிட்டுப் பொரியுங்கள். ஆறிய சம்பலை ஈரமில்லாத போத்தலில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் அடுத்த ஞாயிறு வரை வரும், வீட்டில் பிள்ளைகள் இல்லையென்றால்.