ஆவிகளை அஞ்சவைத்த நக்கவாரத்து உருவங்கள்

முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்று இடம்பெறும் நிக்கோபார்த் தீவுகளுள், நடுவில் அமைந்த நன்கவுரி, கமோர்ட்டா, கச்சால், டிரிங்கட் ஆகியவற்றில், பார்த்தவுடன் அச்சம் தரும் உருவங்களைச் செதுக்கியும் தீட்டியும் வீட்டினுள் வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. தமிழகத்தில் புதுக் கட்டடத்தின் முன் தொங்கவிடப்படும் கோரைப்பல் பூசணிக்காய் மனிதரின் கண்ணேற்றைத் தடுக்க முனைவது; நிக்கோபார் உருவமோ நோய் கொண்டுவரும் ஆவிகளையே மிரட்டி விரட்டுவதற்காக ஆக்கப்பட்டது.

இவ்வுருவங்களுள் மனித வடிவில் மரத்தில் செதுக்கியவை 'கரேயாவ்' என்றும், விலங்கு முதலிய பிற வடிவில் அமைந்தவை 'ஹெந்தா-கோய்' என்றும், கமுகம்பாளையிலோ பலகையிலோ தீட்டிய ஓவியங்கள் 'ஹெந்தா' என்றும் வழங்கின. ஒருவர் நோயுற்றால், 'மென்லுவானா' எனப்படும் ஆவிமருத்துவர் நோய்க்குக் காரணமான ஆவியை அறிந்து, அதை வெல்லவல்ல உருவம் எதுவெனக் கூற, அதற்கேற்பச் செதுக்கிச் சிவப்பும் கறுப்பும் பூசி, வெறித்த பார்வை தோன்றக் கண்களில் சிப்பியைப் பதித்தனர். நோயாளி பிழைத்தால் உருவம் வீட்டில் பேணப்பட்டது. இறந்தால் ஆற்றலற்றதென ஒதுக்கப்பட்டது. ஓர் உருவத்தின் தகுதியை இத்தனை கடுமையாகச் சோதித்த மரபுகள் மிகச் சிலவே.

ஹெந்தா ஓவியத்தின் உச்சியில் ஞாயிறும் திங்களும், அவற்றோடு 'தெயுசே' என்னும் படைப்புக் கடவுளும் இடம்பெற்றனர். கடவுளைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லான 'தேயுஸ்' என்பதன் திரிபே இப்பெயர். இந்த உச்சிப் பகுதியின் கீழ்க் கப்பல், முதலை, மீன், பாதி மனித உடலும் பாதி மீனுடலும் கொண்ட உயிர் ஆகியவை வரையப்பட்டன. மர உருவங்கள் சிலவற்றின் தலையில் ஐரோப்பியத் தொப்பியும் அமர்ந்தது. 1756இல் டென்மார்க்கினர் குடியேற முயன்றதும், 1768 முதல் 1787 வரை மொராவியச் சபையினர் நன்கவுரியில் தங்கியதும், வணிகக் கப்பல்கள் தொடர்ந்து வந்ததும் இக்கலப்புக்கு வழிவகுத்தன. அந்நியரின் வலிமைச் சின்னங்களைத் தம் காவலுக்குத் திருப்பிக்கொண்ட தீவினரின் நுண்ணறிவு போற்றத்தக்கது.

மில்லிசென்ட் பாட்ரிக் வடிவமைத்த, 1954ஆம் ஆண்டின் 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' திரைப்படத்து மீன்மனிதனும் இத்தகைய கலப்புடலே எனினும், அவன் அச்சுறுத்தியது காசு கொடுத்து அமர்ந்த பார்வையாளரை. ஹெந்தா அச்சுறுத்தவேண்டியிருந்ததோ நோயாளியின் படுக்கையைச் சூழ்ந்ததாக நம்பப்பட்ட ஆவிகளை.

1869இல் தீவுகள் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டபின், அதிகாரி எட்வர்ட் ஹொரேஸ் மேன் இவ்வுருவங்களைப் பற்றி விரிவாக எழுதியதோடு, பலவற்றைச் சேகரித்து இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களுக்கும் அளித்தார். வடக்கிலுள்ள கார் நிக்கோபாரில் 1895இல் வந்து பணியாற்றிய தமிழரான வேதப்பன் சாலமன் தொடங்கி, பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் காலம்வரை கிறித்தவம் பரவியதால், அங்கே ஆவிச்சடங்குகள் மறைந்தன. நடுத்தீவுகளில் எஞ்சியிருந்தவற்றுள் பல, 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் வீடுகளோடு அடித்துச்செல்லப்பட்டன. பேரலை துண்டாக்கிய டிரிங்கட் தீவின் மக்கள் கமோர்ட்டாவில் குடியமர்ந்தனர்.