நடிகரின் மடலும் ஆடைத் தூய்மையும்

1592, 1593ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியது. நாடக அரங்குகள் மூடப்பட்டன. நடிகர்கள் பிழைப்பை நாடி ஊர் ஊராகச் சென்றனர். அவர்களுள் புகழ்மிக்கவரான எட்வர்ட் ஆலன், 1593ஆம் ஆண்டுக் கோடையில் பிரிஸ்டல் நகரிலிருந்து தம் மனைவி ஜோனுக்கு ஒரு மடல் வரைந்தார்.

சுமந்து திரிவது தொல்லையென்று வெள்ளை உட்சட்டையை இல்லத்திற்கே அனுப்பிவிட்டார். செம்மஞ்சள் நிறக் கம்பளிக் காலுறைகளுக்குக் கருஞ்சாயம் ஏற்றிக் குளிர்காலத்திற்கு வைக்கச் சொன்னார். வீட்டைத் தூய்மையாகப் பேணவும், மாலைதோறும் வாயிலிலும் கொல்லையிலும் நீர் தெளிக்கவும் வேண்டினார்.

ஆடையில் ஒளியும் தெள்ளுப்பூச்சி அந்நோயைப் பரப்பும் என்பதை அன்று எவரும் அறியார். இறையருளையும் தூய்மையையும் அவர் நம்பினார். மேடையில் பேரரசன் தாம்பர்லேனாக முழங்கியவரின் இல்லறக் கவலையை இன்றும் அம்மடலே உரைக்கின்றது.